வீட்டுக் கல்வியில் 7, 10 வயதுப் பிள்ளைகள்: பிரெஞ்சுக்கு எந்தப் பாடத்திட்டம்?

கேள்வி: அல்சூர்_அம்மா

வணக்கம். பெங்களூரில் ஹோம்ஸ்கூலிங். மகளுக்கு 10, மகனுக்கு 7. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், பாடமெல்லாம் இங்கிலீஷ். வர்ற ஜூனில் பிரெஞ்சு ஆரம்பிக்கணும். எனக்கோ வீட்டுக்காரருக்கோ பிரெஞ்சு தெரியாது. பிரான்ஸில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான புத்தகம், ஃபோன் ஆப்னு மூணு வழி கண்ணில் படுது. எதை எடுக்கலாம்? ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்கலாமா? பின்னாடி ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜ் நடத்துற பத்தாம் வகுப்பு அளவுப் பரீட்சை) எழுத வைக்கிற எண்ணம் இருக்கு.

பதில்: வசந்த்நகர்_டீச்சர்

முதல் வழியை இப்போதே விட்டுவிடுங்கள். பிரான்ஸின் ஒன்றாம் வகுப்புப் புத்தகம், வீட்டில் ஏற்கெனவே பிரெஞ்சு பேசும் குழந்தைக்கு எழுதப்பட்டது. வாயில் இருக்கும் சொல்லுக்கு எழுத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. வாயில் சொல்லே இல்லாத பிள்ளைக்கு அது எதையும் காட்டாது. பிரான்ஸ் அரசின் தொலைக்கல்வி நிறுவனமான க்னெட் தரும் பள்ளிப் பாடங்களும் இதே வகைதான்.

உங்களுக்கு வேண்டியது 'எஃப்.எல்.ஈ' என்று போட்டிருக்கும் வகை, அதாவது பிரெஞ்சை அயல்மொழியாகக் கற்பிப்பது. அதிலும் சிறுவர் வரிசை. க்ளே இன்டர்நேஷனல் பதிப்பகத்தின் 'ஸிக்ஸாக்', ஹாஷெத் பதிப்பகத்தின் 'லே லூஸ்தீக்' இரண்டும் இந்த வயதுக்கானவை. இரண்டிலும் மூன்று நிலைகள். மாணவர் புத்தகம், பயிற்சி நோட்டு, ஒலிப்பதிவு, ஆசிரியர் கையேடு என்று ஒவ்வொரு நிலைக்கும் நான்கு பகுதிகள் உண்டு. பலர் மாணவர் புத்தகத்தை மட்டும் வாங்கிவிட்டு, "ஒன்றுமே புரியவில்லை" என்று மூடி வைக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் படம்தான் அதிகம். பாடம் ஒலிப்பதிவிலும் கையேட்டிலும் இருக்கிறது. பிரெஞ்சு தெரியாத பெற்றோர் முதலில் வாங்க வேண்டியது கையேடு. அதுவும் பிரெஞ்சில்தான் இருக்கும். ஆனால் 'படத்தைக் காட்டு, கேட்க வை, திரும்பச் சொல்ல வை' மாதிரியான குறிப்புகள்தான். ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்தாலே போதும். பழைய புத்தகம் வாங்கினால் சிடி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பாதிப் பாடம் இல்லை.

ஆப் மகளுக்கு மட்டும், பழையதைப் புரட்டிப் பார்க்க. சொற்கட்டைகளைத் தட்டித் தட்டிச் சரியானதைப் பொறுக்கத்தான் அது பழக்கும். தானாக ஒரு வாக்கியம் சொல்லப் பழக்காது.

பதில்: மல்லேஸ்வரம்_வாசி

டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். உச்சரிப்பை ஞாபகம் வச்சுக்கப் பிரெஞ்சு சொல்லுக்கு மேல தமிழ்ல எழுதி வைக்காதீங்க. நிறைய வீட்டுல இதைச் செய்றாங்க, அங்கேயே கெட்டுப்போகுது. ரொட்டிக்கும் குளியலுக்கும் பிரெஞ்சுல முதல் ஒலி மட்டும்தான் வேற. நம்ம எழுத்துல ரெண்டும் 'ப'. மீனுக்கும் விஷத்துக்கும் நடுவுல இருக்கிற ஸகர வித்தியாசத்தைத் தமிழ்ல காட்டவே முடியாது. தெரு, சக்கரம் ரெண்டுமே தமிழ்ல எழுதினா 'ரூ'தான். அந்தத் தெரு 'ரூ'வுல வர்ற உயிர் நம்மகிட்ட இல்லை. நாக்கை 'ஈ'ன்னு சொல்ற இடத்துல வச்சுட்டு, உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்கணும். கண்ணாடி முன்னால நிக்க வச்சு ஒரு நாளைக்கு பத்து தடவை சொல்லச் சொல்லுங்க. நாம சொல்ற 'பீரோ' பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். அந்த உயிர் பிடிபடாமத்தான் 'பீ' ஆயிருக்கு.

ஆனா மூக்கொலி நம்ம பிள்ளைகளுக்கு வரம். பேச்சுல 'பழம்'னு சொல்றப்போ கடைசி மகரம் உதட்டுல முடியறதில்லை, மூக்குல போயிடுது. 'நல்ல' என்கிற 'போன்' அங்கேதான் முடியுது. 'வந்தான்', 'வந்தேன்' ரெண்டையும் பேச்சுல முடிக்கிற மாதிரியே மத்த ரெண்டு மூக்கொலியும் கிட்டத்தட்ட வந்துடும். இங்கிலீஷ் வழியா போனா 'போன்ன்'னு னகரம் அழுத்தி விழும். தமிழ் வழியாவே சொல்லிக் கொடுங்க.

இலக்கணத்திலும் அப்படித்தான். நீ, நீங்க வித்தியாசம் அங்கே 'த்யூ', 'வூ'. இங்கிலீஷ்ல இல்லாததால அந்த வழியா போனா அரைமணி விளக்கணும். தமிழ்ல அரை நிமிஷம். 'அது என்ன' 'அதென்ன' ஆகிற மாதிரிதான் அங்கே 'அந்த'ங்கிற 'ல', 'லா' ரெண்டும் உயிருக்கு முன்னால வெறும் 'ல்' ஆகி ஒட்டும்.

கேள்வி: அல்சூர்_அம்மா

ரொம்ப நன்றிங்க, இந்த மூக்கொலி விஷயம் தோணவே இல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்னு வருதே, அதை எப்படிச் சமாளிக்கிறது? தினமும் எவ்வளவு நேரம்?

பதில்: வசந்த்நகர்_டீச்சர்

நமக்குத் திணை தெரியும். அஃறிணைக்குள் ஆண், பெண் கிடையாது. அதனால் விதி சொல்லிப் பயனில்லை. சொல்லை எப்போதும் அதன் முன்னால் வரும் 'ஒரு' என்ற சொல்லோடு (பெண்பாலுக்கு அது 'ய்யூன்') சேர்த்தே கொடுங்கள். அட்டையில் 'தாப்ல்' என்று மட்டும் எழுதக் கூடாது. 'ய்யூன் தாப்ல்' என்று இருக்க வேண்டும், அட்டையில் பிரெஞ்சு எழுத்தில்தான். ஆண்பால் நீல அட்டை, பெண்பால் சிவப்பு அட்டை. 'ல', 'லா' போட்டு அட்டை செய்யாதீர்கள்: உயிரில் தொடங்கும் சொல்லுக்கு இரண்டுமே 'ல்' என்று சுருங்கி, பால் மறைந்துவிடும். பள்ளி, 'லெகோல்' என்றால் தெரியாது. 'ய்யூன் எகோல்' என்றால் தெரியும்.

நேரம்: தினம் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள். 40 வாரத்தில் ஏறக்குறைய 67 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை மட்டும் ஒன்றரை மணி உட்கார வைத்தாலும் கூட்டினால் கிட்டத்தட்ட அதே கணக்கு வரும், ஆனால் ஆறு நாளில் மறந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் பழைய அட்டைகள். அடுத்து புது ஒலிப்பதிவை மூன்று முறை: முதலில் புத்தகத்தை மூடி, பிறகு படத்தைத் தொட்டுக்காட்டி, கடைசியாகக் கூடவே சொல்லி. மீதி நேரம் விளையாட்டு. வாரத்துக்கு எட்டுப் புதுச் சொல் போதும்.

முதல் எட்டுப் பத்து வாரம் எழுத்தே வேண்டாம், அதுவரை அட்டையிலும் படம் மட்டும். மகள் இங்கிலீஷ் சரளமாகப் படிப்பாள். எழுத்தைப் பார்த்தவுடன் 'தாப்ல்' 'டேபிள்' ஆகிவிடும். காதில் ஒலி ஊறிய பிறகு எழுத்தைக் காட்டினால், சொல்லின் கடைசியில் ஒலிக்காத எழுத்துகள் குழப்பாது. இரண்டு பேரையும் சேர்த்தே ஆரம்பியுங்கள், கேட்பதும் பேசுவதும் ஒன்றாகவே நடக்கட்டும். எழுத்து தொடங்கும்போது பிரித்துவிடுங்கள்: அவளுக்கு முழு வாக்கியம், அவனுக்குப் படத்தின் கீழே ஒரு சொல்.

பதில்: இந்திராநகர்_அப்பா

உச்சரிப்பைத் திருத்த மட்டும் ஒரு ஆள் தேவை. வாரம் ஒருமுறை அரைமணி போதும். திம்மையா ரோட்டில் அல்லயன்ஸ் ஃபிரான்சேஸ்னு பிரெஞ்சு மொழி, கலாச்சார மையம் இருக்கு, அங்கே விசாரிங்க. தனி டியூஷனோ பேட்ச்சோ, சேர்க்கிறதுக்கு முன்னாடி எத்தனை பிள்ளைகள், எந்தப் புத்தகம், டீச்சர் பாடத்தைப் பிரெஞ்சில் நடத்துவாங்களா இங்கிலீஷிலயான்னு கேட்டுடுங்க. கடைசிக் கேள்விக்கு 'இங்கிலீஷ்'னு பதில் வந்தா வேற இடம் பாருங்க.

பரீட்சை வேணும்னா சின்னவங்களுக்கு டெல்ஃப் ப்ரிம் (பிரான்ஸ் அரசின் பிரெஞ்சுத் தேர்வில் சிறுவர் பிரிவு) இருக்கு: ஏ1.1, ஏ1, ஏ2ன்னு மூணு படி. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொண்ணுக்கும் 25 மார்க், மொத்தம் 100. பாஸுக்கு 50, எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் காலாவதி ஆகாது. ஐஜிசிஎஸ்இ பிரெஞ்சுப் பாடத்திலயும் (பாட எண் 0520) இதே நாலு திறன்தான், பேச்சுத் தேர்வும் உண்டு. அதனால எழுத்தை மட்டும் வளர்த்துட்டுப் போனா அங்கே மாட்டிக்குவாங்க. ஜூன்ல ஆரம்பிச்சா முதல் வருஷம் பரீட்சை வேண்டாம். மகள் தன்னைப் பத்தி ஆறேழு வாக்கியம் அட்டையில்லாம சொல்ல ஆரம்பிச்சதும் ஏ1.1 மாதிரித் தாளை எடுத்துப் பாருங்க.