ஆர்தர் நாவல்களின் வரலாற்றுத் துல்லியத்தை எதைக் கொண்டு அளப்பது?

நூல்புழு:
பிரித்தானியப் பழங்கதைகளின் நாயகன் ஆர்தரைப் பற்றி நாவலாசிரியர் பெர்னார்ட் கார்ன்வெல் 1995இல் தொடங்கிய முத்தொகுதியைப் படித்து முடித்தேன். பளபளக்கும் முழுக்கவசத்தை விட்டுவிட்டு, சிதைந்த ரோமானியக் கட்டடங்களுக்கு நடுவே மரவேலிக் கோட்டைகளில் வாழும் சிற்றரசர்களைக் காட்டுவதால், உண்மைக்கு நெருக்கமானது இதுவே என்கிறார்கள். ஆனால் பழங்கதைகளின் மந்திரவாதி மெர்லினும் மாவீரன் லான்சலாட்டும் இதிலும் வருகிறார்கள். ஆர்தர் வாழ்ந்தாரா என்பதே உறுதியில்லாதபோது, இங்கே துல்லியம் என்பது எது?

ஏட்டுச்சுவடி:
ஆளைத் தேடினால் கிடைப்பது சொற்பம். ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ், பேடன் குன்றில் பிரித்தானியர் பெற்ற வெற்றியைக் குறிப்பிடுகிறார், அம்ப்ரோசியஸ் அவுரேலியானஸ் என்ற தலைவரைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார். ஆர்தரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஏறத்தாழ 830இல் இலத்தீனில் தொகுக்கப்பட்ட பிரித்தானியர் வரலாறு ஒன்றுதான் அவருக்குப் பன்னிரண்டு போர்களை அளித்து, பேடனில் ஒரே பாய்ச்சலில் 960 பேரை அவர் ஒருவராகவே வீழ்த்தினார் என்கிறது. (எண்ணில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.) ஆர்தரின் வீரர்கள் அமரும் வட்டமேசை 1155இல் வேஸ் என்ற கவிஞர் எழுதிய கவிதையில்தான் முதலில் தென்படுகிறது, லான்சலாட்டுக்கும் ஆர்தரின் மனைவி கினிவியருக்கும் இடையிலான காதல் அதற்கும் பிந்தையது.

குதிரைக்கொட்டில்:
ஆகவே நான் பாத்திரங்களைவிடப் பொருள்களைக் கவனிப்பேன். கி.பி. 500ஐ ஒட்டிய கதையில் ஒரு வீரன் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியில்) காலூன்றி எழுந்து ஈட்டியைப் பாய்ச்சினால், அந்த ஆசிரியர் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அங்கேயே போய்விடும். அங்கவடி அப்போது பிரித்தானியாவை எட்டவில்லை. அதே வேளையில், அரசர்களை வெறும் ஏழைகளாகக் காட்டுவதும் பிழையே. கார்ன்வாலின் டின்டாஜெலில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து எண்ணெயும் திராட்சை மதுவும் வந்திறங்கிய சாடிகளின் ஓடுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஒழுகும் கூரையின் கீழே பைசாந்திய மது அருந்தும் ஒரு சிற்றரசனை எழுதினால், அதை நான் தயங்காமல் நம்புவேன்.

ஏட்டுச்சுவடி:
லான்சலாட் விஷயத்தில் கார்ன்வெல்லின் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்ல வேண்டும். அவனைக் கோழையாக்கி, அவன் புகழெல்லாம் பாணர்கள் பாடிப் பரப்பியது என்று எழுதியதால், பிற்காலப் புலவர்களின் புனைவு என்ற உண்மையே கதைக்குள் நுழைந்துவிடுகிறது. மெர்லினுக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன். ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்ற எழுத்தாளர் 1136 வாக்கில் இரு வேறு மரபுக்கதைகளை ஒட்டி உருவாக்கிய பாத்திரம் அது.

நூல்புழு:
நன்றி. குதிரைப்படை வரும் அத்தியாயங்களை அங்கவடிக்காகவே மறுபடி புரட்டப் போகிறேன்.