சோலைக்காட்டுச் செடிகளைக் காட்டிக் கூட்டிப்போக யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே, ஊட்டி, கோத்தகிரி பக்கம் செடி கொடி தெரிந்த ஒருவர் குழுவாகக் கூட்டிப்போகும் நடை எதுவும் இருக்கிறதா? வனத்துறை அனுமதியோடு போவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். தைல மரமும் தேயிலையும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாச்சு, அதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது. எனக்கு வேண்டியது அந்த மலைக்கே உரியவை: சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம், அப்புறம் ஈரப் புல்வெளியில் இலை மயிர் நுனியில் பசைத்துளி வைத்துப் பூச்சி பிடிக்கும் அழுகண்ணி. நீலக்குறிஞ்சி பூக்க 12 வருடம் ஆகும், சரி, பூக்காத செடியையாவது காட்டினால் போதும். அம்மாவும் வருகிறார், முட்டி வலி உண்டு, செங்குத்து ஏற்றம் ஆகாது. எந்த மாதம் நல்லது, அட்டைக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்க.