மருந்தகத்தில் கிளமிடியா, கொனோரியா பரிசோதனை: தொடங்கும் முன் எதையெல்லாம் சரி செய்ய வேண்டும்?

முகில்_வடமேற்கு:
வணக்கம். வடமேற்கு லண்டனில் எங்கள் மருந்தகம். கவுன்சிலின் பாலியல் நலச் சேவையில் சேர ஒப்பந்தம் வந்திருக்கிறது. இரண்டு நிலைகள். முதல் நிலையில் கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளுக்கு வீட்டிலேயே சாம்பிள் எடுக்கும் கிட் கொடுத்து அனுப்பினால் போதும். இரண்டாம் நிலையில், கிளமிடியா பாசிட்டிவ் வந்தவருக்கு பி.ஜி.டி.யின் கீழ் (மருத்துவர் சீட்டு இல்லாமல் குறிப்பிட்ட மருந்தைக் கொடுக்க அனுமதிக்கும் எழுத்து உத்தரவு) நாமே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம். விரல் நுனியில் ரத்தம் எடுக்கும் உடனடி எச்.ஐ.வி. டெஸ்ட்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் கடைப் பங்குதாரர்.

யாருக்குக் கிட் கொடுக்கலாம், யாரை கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும்? லேபிலிருந்து சாம்பிள் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் எதனால்? வருபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், கவுன்ட்டரில் நிற்பவர்களும் தமிழர்கள். அந்தக் கூச்சத்தை எப்படிக் கடப்பது?

கவி_நர்ஸ்:
தம்பி, முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இப்போது ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது வலி, விதைப்பையில் வலி அல்லது வீக்கம், ஆணுறுப்பிலிருந்து சீழ், புண். இவற்றில் ஒன்று இருந்தாலும் கிட் கொடுத்து அனுப்பக் கூடாது. அன்றைக்கே கிளினிக். கிட் வாங்கிப் போனவர் முடிவு வரும்வரை காத்திருப்பார். அதற்குள் இடுப்புக்குழி அழற்சி முற்றிவிடலாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்றால் கருக்குழாய்க் கர்ப்பமாகவும் இருக்கலாம்.

அடுத்து நாள் கணக்கு. கிளமிடியாவும் கொனோரியாவும் டெஸ்ட்டில் நம்பகமாகத் தெரிய, உறவுக்குப் பிறகு 2 வாரம் ஆக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு வருபவரிடம் கிட் பற்றிப் பேசுவது நல்ல தருணம். ஆனால் இன்றைய டெஸ்ட் பழைய தொற்றை மட்டும்தான் காட்டும், நேற்று நடந்ததற்கு 2 வாரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் 'நெகட்டிவ்' என்ற குறுஞ்செய்தியை நம்பி அவர் நிம்மதியாகிவிடுவார்.

ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்குச் சிறுநீர்க் கிட் மட்டும் போதாது. தொண்டையிலும் மலக்குடலிலும் இருக்கும் தொற்று சிறுநீரில் தெரியாது. மூன்று இடத்துக்குமான கிட் உங்கள் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கிளினிக்குக்கு அனுப்புங்கள். அரைகுறையாகப் பார்த்து நெகட்டிவ் சொல்வது அவருக்குச் செய்யும் தீங்கு.

லேப்_பெஞ்ச்:
நிராகரிப்பு பற்றி. அதிகம் பார்ப்பது எழுத்துப் பிழையும் விடுபடலும்: குழாயில் பெயரோ குறியீட்டு எண்ணோ இல்லை, பிறந்த தேதி படிவத்தில் ஒன்று குழாயில் ஒன்று, சாம்பிள் எடுத்த தேதி இல்லை. கிட்டைக் கையில் கொடுக்கும் முன் ஆலோசனை அறையிலேயே லேபிளை நிரப்ப வையுங்கள். எடுத்த தேதியை மட்டும் அவர் வீட்டில் எழுதட்டும்.

ஆண்களுக்கு: கடைசியாகச் சிறுநீர் கழித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் வரும் 20 மில்லிதான் வேண்டும். சர்க்கரை டெஸ்ட், கிருமி டெஸ்ட்டுக்கெல்லாம் நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துப் பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்வார்கள். உடலின் சிறுநீர்க் குழாயைக் கழுவிக்கொண்டு வரும் முதல் பங்கில்தான் செல்கள் இருக்கும், நடுப்பங்கில் நீர்த்துப்போகும். கோப்பை நிறையப் பிடித்தாலும் அதே கதிதான்.

ஆப்டிமா வகைக் கிட் என்றால் கோப்பையிலிருந்து பிப்பெட்டில் 2 மில்லி எடுத்து, குழாயில் உள்ள இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்குமாறு விட வேண்டும். கோட்டுக்கு மேலே போனாலும் கீழே நின்றாலும் லேப் எடுக்காது. இதை 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். மூடியின் மேலுள்ள ஃபாயிலைக் குத்தக் கூடாது, அது எங்கள் மெஷின் ஊசி இறங்கும் இடம்.

பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனி ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) நம்பகமானது, சிறுநீரில் சில தொற்றுகள் தவறிவிடும். ஸ்வாபை 5 சென்டிமீட்டர் அளவு உள்ளே விட்டு, 10 முதல் 30 விநாடி சுற்றி, பஞ்சு முனை எதிலும் படாமல் குழாயில் இறக்கி, தண்டில் கோடு இருக்கும் இடத்தில் ஒடித்து மூட வேண்டும். கருப்பை வாய் வரை போகத் தேவையில்லை, வலிக்கவும் வலிக்காது. திருமணமாகாத பெண்கள் கேட்கத் தயங்கும் விஷயம் இது. கேட்காமலே சொல்லிவிடுங்கள். குழாயில் இருக்கும் திரவத்தை 'தண்ணீர்' என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டினால் புதுக் கிட்தான், மிச்சத்தை வைத்து ஒப்பேற்ற முடியாது.

பி.ஜி.டி_சிவா:
இரண்டாம் நிலைக்குப் போகும் முன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: முடிவை யார் சொல்வது, தொடர்பு கிடைக்காதவரை யார் தேடுவது, இரண்டாம் நிலை மருந்தகம் விடுமுறையில் மூடியிருந்தால் அடுத்து யார். இது இல்லாமல் கிட் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பாசிட்டிவ் வந்து சிகிச்சை இல்லாமல் கிடக்கும் ஒருவருக்கு நாம் எதையும் செய்ததாகாது.

சிகிச்சை: டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, 7 நாள், மொத்தம் 14 கேப்ஸ்யூல். "ஒரே வேளையில் முடியும் மாத்திரை கொடுங்களேன்" என்று கேட்பார்கள். அசித்ரோமைசின் ஒற்றை டோஸ் 2018 செப்டம்பரில் முதல் தேர்விலிருந்து எடுக்கப்பட்டது. கூடவே இருக்கக்கூடிய மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற இன்னொரு பால்வினைக் கிருமியில் அது எதிர்ப்பை வளர்க்கிறது என்பது ஒரு முக்கியக் காரணம். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளின் கூடாது, பி.ஜி.டி.யில் வேறு வழி இல்லையென்றால் கிளினிக். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் மூளையில் அழுத்தம் கூடும். இளவயதினரிடம் இது அடிக்கடி இருக்கும், ஆஸ்பத்திரியில் நேரடியாகக் கொடுப்பதால் உங்கள் கணினியில் தெரியாது.

ஒரு முழு டம்ளர் தண்ணீர், நின்றோ நிமிர்ந்து உட்கார்ந்தோ. விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டாசிட், துத்தநாகம் எல்லாம் 2 மணி நேரம் தள்ளி. நம் பெண்களில் பலர் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார்கள், அதை 'மருந்து' என்று கணக்கில் சொல்லமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சை முடியும்வரை, துணைக்கும் சிகிச்சை முடியும்வரை, எந்த வகை உறவும் வேண்டாம். ஆணுறை போட்டும் வேண்டாம். 3 வாரத்துக்குள் மறு டெஸ்ட் எடுத்தால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வே பாசிட்டிவ் காட்டலாம். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் 3 மாதம் கழித்து மீண்டும் பார்க்கட்டும், மறுதொற்று அந்த வயதில் அதிகம்.

கொனோரியா பாசிட்டிவ் என்றால் கைவைக்காதீர்கள். கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது) எடுக்க வேண்டும், செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் தசை ஊசி போட வேண்டும். இரண்டுமே கிளினிக் வேலை.

கூச்சம் பற்றி. கவுன்ட்டரில் சிறிய அட்டை வையுங்கள், அதை எடுத்து நீட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. கிட் அடையாளமில்லாத பையில். குடும்பம் முழுவதும் உங்களிடம் மருந்து வாங்கும் என்பதால் கணினிப் பதிவில் யாருக்கும் கண்ணில் படும் குறிப்பு எழுதாதீர்கள், வீட்டு எண்ணுக்கு அழைக்காதீர்கள். மொழிபெயர்க்க மகளையோ கணவரையோ அழைக்கவே கூடாது. தம்பதி சேர்ந்து வந்தால் ஒவ்வொருவராக அறைக்குள்.

"இது யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி வரும். கிளமிடியா அறிகுறியில்லாமல் பல மாதங்கள், சில நேரம் அதற்கு மேலும் இருக்கும். எப்போது வந்தது, யார் கொடுத்தார் என்று டெஸ்ட் சொல்லாது. இந்த ஒரு வாக்கியத்தை நிதானமாகச் சொன்னால் பல குடும்பச் சண்டைகள் தவிரும்.

கவி_நர்ஸ்:
சிவா சொன்னதோடு: கட்டணம் இல்லை என்பதை அட்டையிலேயே எழுதுங்கள். பால்வினைத் தொற்றுப் பரிசோதனையும் சிகிச்சையும் விசா நிலை எதுவானாலும் இங்கிலாந்தில் இலவசம். 2012 அக்டோபரிலிருந்து எச்.ஐ.வி. சிகிச்சையும் அப்படித்தான். மாணவர் விசாவில் வந்தவர்களும் அகதி விண்ணப்பம் போட்டவர்களும் இது தெரியாமல் ஒதுங்கி நிற்கிறார்கள்.

உடனடி எச்.ஐ.வி. டெஸ்ட்டை முதல் நாளே வேண்டாம் என்பேன். செய்வது எளிது: நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, 50 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்து, மூன்று புட்டிகளை வரிசை மாறாமல் ஊற்றினால் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகு. ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள இடத்தில் 99.5 சதவீதத் தனித்தன்மை கொண்ட (தொற்று இல்லாத ஆயிரம் பேரில் 995 பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும்) டெஸ்ட்டை ஆயிரம் பேருக்குச் செய்தால், உண்மையான ஒருவரோடு சுமார் 5 பேர் பொய்யாக ரியாக்டிவ் (முதற்கட்ட பாசிட்டிவ்) காட்டுவார்கள். அந்த ஆறு பேரையும் கலங்காமல் உட்காரவைத்து, 'இது இன்னும் உறுதியாகவில்லை' என்று விளக்கி, நாளம் வழி ரத்தப் பரிசோதனைக்கு அன்றோ மறுநாளோ கிளினிக்கில் நேரம் வாங்கித் தர வேண்டும். ஒரே ஃபார்மசிஸ்ட் இருக்கும் கடையில், வரிசை நிற்கும்போது அது முடியாது. மேலும் உறவுக்குப் பிறகு 90 நாள் ஆனால்தான் உடனடி டெஸ்ட்டின் நெகட்டிவை நம்பலாம், லேபின் நான்காம் தலைமுறை டெஸ்ட்டுக்கு (எதிர்ப்பொருளோடு கிருமியின் புரதத்தையும் தேடுவது) 45 நாள் போதும்.

பி.ஜி.டி_சிவா:
இரண்டாவது ஃபார்மசிஸ்ட் இருக்கும் நாட்களில் மட்டும், நேரம் ஒதுக்கி வைத்தால் முடியும் என்றே நினைக்கிறேன். கிளினிக் வாசலை மிதிக்கவே மாட்டாதவர்கள் மருந்தகத்துக்கு வருகிறார்கள். ஆனால் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, ஊசிக்கான மஞ்சள் பெட்டி, ஊசி குத்திக்கொண்டால் எங்கே போவது என்ற தாள், இவை இல்லாமல் லான்செட்டை (விரலில் குத்தும் ஊசி) தொடாதீர்கள்.

முகில்_வடமேற்கு:
நன்றி. முதல் நிலையில் தொடங்கி, இரண்டாம் நிலைக்குப் பொறுப்புகளை எழுத்தில் கேட்கிறேன். பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைகளை என்ன செய்வது?

கவி_நர்ஸ்:
16க்குக் கீழ் என்றால் ஃப்ரேஸர் வழிகாட்டுதல்படி (பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளை தானே முடிவெடுக்க முடியுமா என்று பார்க்கும் விதிகள்) மதிப்பிட்டு, அதை எழுதி வையுங்கள்: சொல்வது புரிகிறதா, பெற்றோரிடம் சொல்லத் தூண்டினீர்களா, துணையின் வயது என்ன, வற்புறுத்தல் உண்டா. கிட் கேட்டதற்காகத் திட்டி அனுப்பினால் அந்தப் பிள்ளை வேறு எங்கும் போகாது. 13க்குக் கீழ் என்றால் சட்டப்படி சம்மதம் என்பதே கிடையாது. குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு அன்றே தகவல் போக வேண்டும். அந்தத் தொலைபேசி எண் ஆலோசனை அறைச் சுவரில் இருக்கட்டும், கணினியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.