பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மம்மாவும் மாமாவும் போனா அது "ஆளில்லாத புள்ள"யா?

வவுணதீவு மாமா:
எல்லாருக்கும் வணக்கம். அக்காட மகள் மட்டக்களப்பு டவுன் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஆறாம் ஆண்டு படிக்கா. அக்கா குவைத்துல, மச்சான் மேசன் வேலைக்கு கொழும்பு போய் மாசத்துக்கு ஒருக்கா வாறவர், புள்ளைய வளக்குறது எங்கட அம்மா, ஸ்கூல் விசயம் எல்லாம் நான்தான் பாக்குறன். போன மீட்டிங்குக்கு அம்மாவயும் கூட்டிட்டு போனன். கதிரய போட்டும் அம்மா இருக்கல்ல, படிப்பிக்குற ஆக்களுக்கு முன்னுக்கு சமனா இருக்கப்படாது எண்டு நிண்டுகிட்டே எல்லாத்துக்கும் "ஓம் சேர், ஓம் சேர்" எண்டா. சேர் வெளி மாவட்டம். மற்ற பேரண்ட்ஸ் எல்லாரும் இருக்கக்குள்ளயே "தாயும் இல்ல தகப்பனும் வரல்ல, இவவுக்கு நான் சொல்றது விளங்குதுமில்ல, கவனிக்க ஆளில்லாத புள்ளைகள் இப்படித்தான்" எண்டுட்டார். கணக்குல 38 தான், அது உண்மை. ஆனா புள்ள பக்கத்துல நிண்டவ. வரக்குள்ள பஸ்ஸுல "அடுத்தமுற அப்பாவ வரச்சொல்லுங்க மாமா" எண்டு கேக்கா.

எங்கட அம்மாவுக்கு எழுத்து வாசிக்க தெரியாது. ஆனா ஒவ்வொரு ராவும் கொப்பிய விரிச்சு சிவப்பு பேனை எவ்வளவு கிடக்கு எண்டு பாப்பா, சிவப்பு கூடின நாள் எனக்கு கோல் வரும். இத விட ஒரு புள்ளைய எப்படி கவனிக்குற? சேரோட எப்படி கதைக்கலாம்? அதிபர்ட்ட போனா புள்ளைக்குத்தான் பிரச்சின வரும் எண்டு அம்மா பயப்புடுறா.

கல்லடி டீச்சர்:
தம்பி, வாசிக்க கவலையா இருந்திச்சு. நானும் படிப்பிக்குறவதான். எங்கட பக்கம் குடி, அதாவது வம்சம், தாய்வழியா வாறது, வீடு வளவு பொம்புளைப் புள்ளைக்கு, கலியாணம் முடிச்சா மாப்பிள பொண்ட வீட்டுக்கு வாறவர், அதால புள்ள பிறந்து வளர்றதே அம்மம்மாட வளவுக்குள்ளதான், நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிக்குறது தாய்மாமன். வெளியில இருந்து வாற ஒருத்தருக்கு இது தெரியாட்டி, அம்மா அப்பா வரல்ல எண்ட உடன வீடே கவனிக்கல்ல எண்டு நினைச்சிருவாங்க. ஐ.நா.ட சிறுவர் உரிமைச் சமவாயத்த இலங்கை 1991ல ஏற்றுக்கொண்டது, அதுட 5ம் உறுப்புரையிலயே பெத்தவங்களோட சேத்து, அந்தந்த ஊர் வழக்கப்படி பொறுப்பா இருக்குற சொந்தக்காரர மதிக்கணும் எண்டு கிடக்கு. நீங்க யாரோ மூணாம் ஆள் இல்ல.

மற்றது அந்த "ஓம் சேர்". விளங்குதா எண்டு கேட்டா எங்கட வயசான ஆக்கள் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க, அது மரியாத. "ராவைக்கு எத்தின மணி மட்டும் படிக்கா, ஆர் பக்கத்துல இருக்குற" எண்டு கேட்டா அவங்களே விலாவாரியா சொல்லுவாங்க. கேக்குற விதத்துலதான் எல்லாம் கிடக்கு.

மீட்டிங் நாள் வேணாம், முதல் கோல் எடுத்து நேரம் கேட்டுட்டு கணக்கு கொப்பியோட போங்க. கணக்குல எந்த இடம் விளங்கல்ல எண்டு முதல்ல கேளுங்க, மறுகா வீட்டுல ஆர் ஆர் இருக்காங்க எண்டு சொல்லி பாதுகாவலர் எண்டு ஒங்கட பேரயும் நம்பரயும் பதிய சொல்லுங்க. கடைசியா, எல்லாருக்கும் முன்னுக்கு சொன்னது புள்ளைய நோகடிச்சிட்டு எண்டு நேராவே சொல்லுங்க. அதுக்கும் சரி வரல்ல எண்டா பகுதித் தலைவர், பிறகுதான் அதிபர்.

கொக்கட்டிச்சோலை ஆள்:
டீச்சர் சொன்னது சரி, ஆனா வெளி மாவட்டம் எண்டதால மட்டும் இல்ல. டவுனுல பிறந்த எங்கட ஆக்களும் இப்படித்தான் கதைக்குற. 2014ல வாவிக்கு மேலால மண்முனைப் பாலம் திறந்து இவ்வளவு காலமாயும், வாவிக்கு மேற்குப் பக்கத்து படுவான்கரை ஆக்கள் புள்ளைய வட்டைக்கு (வயலுக்கு) அனுப்புவாங்க, படிப்பிக்க மாட்டாங்க எண்ட கத இன்னும் போகல்ல. மீட்டிங் வைக்குறது மாசி பங்குனியில, பெரும்போக நெல்லு வெட்டுற நேரம். வெட்டு மெசின் எண்டைக்கு வரும் எண்டு நாங்களா தீர்மானிக்குற? வந்த நாள் விட்டா அது அடுத்த வயல் கண்டத்துக்கு போயிரும், மழ ஒண்டு விழுந்தா வருசத்து உழைப்பு தண்ணிக்குள்ள. அண்டைக்கு வராத ஆளுக்கு "அக்கறை இல்ல" எண்டு பேர். ரெண்டு நாள் தந்து ஒண்ட தெரிவு செய்ய சொன்னா என்ன குறையும்?

சம்மாந்துறை உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட பக்கமும் வீடு பொம்புளைப் புள்ளைக்குத்தான், உம்மும்மாட்ட வளர்ற புள்ளைகள் கூட, அதால தம்பிட கவல நல்லா விளங்குது. நான் முகம் மூடித்தான் போவன். ஒரு டீச்சர் என்ட பக்கமே பாக்காம மகன்ட்ட "உம்மாட்ட சொல்லுங்க, வீட்டுல வாசிக்க விடச்சொல்லி" எண்டா. நான் ஏ.எல் கணிதப்பிரிவு படிச்சவள், மகனுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறதே நான்தான்! "டீச்சர், என்னட்டயே கேளுங்க, நான் பதில் சொல்றன்" எண்டன். அதுக்குப் பிறகு கொப்பியில என்ட பேருக்கே குறிப்பு எழுதி அனுப்புவா. வாய் திறந்து சொல்லாம அவங்களுக்கும் தெரியாதுதானே.

தம்பி இன்னொண்டு, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புல டைப் பண்ணி போடுற எல்லாத்தயும் வொய்ஸாவும் போடச்சொல்லி கேளுங்க, ஒங்கட உம்மா மாதிரி ஆக்கள் நேரா கேப்பாங்க.

வவுணதீவு மாமா:
எல்லாருக்கும் பெரிய உதவி. வொய்ஸ் விசயம் நான் நினைக்கவே இல்ல. திங்கள் சேருக்கு கோல் எடுக்குறன். போகக்குள்ள புள்ளையயும் கூட்டிட்டு போறதா?

கல்லடி டீச்சர்:
வேணாம் தம்பி, புள்ள கிளாஸ்ல இருக்கட்டும். பெரியாக்கள் கதைக்குற இடத்துல நிண்டா அவ தன்னாலதான் சண்டை எண்டு நினைப்பா. அம்மா கட்டாயம் வரட்டும், கொப்பி பாக்குறத அவ வாயாலயே சொல்லட்டும்.

கொக்கட்டிச்சோலை ஆள்:
தனிய கதைச்சு முடிச்சதோட விட்டுராதங்க. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துலயும் எழும்பி கேளுங்க, மார்க்ஸயும் வீட்டுக் கதயயும் எல்லாருக்கும் முன்னுக்கு சொல்ல வேணாம், ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கதைங்க எண்டு. ஒங்களுக்கு பின்னால இன்னும் பத்து அம்மம்மாமார் நிப்பாங்க, அவங்களும் கேக்க ஏலாமத்தான் நிக்குறாங்க.