மர்டர் பை நம்பர்ஸ் (2002): அந்த ஃப்ளாஷ்பேக் தேவையா?

கடைசிவரிசை:
முடிவு வரைக்கும் பேசப் போறேன், படம் பார்க்காதவங்க இப்பவே ஒதுங்கிக்கோங்க.

ரெண்டு பள்ளிக்கூடப் பசங்க. ரிச்சர்ட் (ரையான் காஸ்லிங்) பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. ஜஸ்டின் (மைக்கேல் பிட்) புத்தகப்புழு. பள்ளியில ஜென்ம விரோதிங்க மாதிரி முறைச்சுக்குவாங்க. யாருக்கும் தெரியாம கடலோரப் பாறை மேல ஒரு பாழடைஞ்ச வீட்டுல கூடி, மாட்டிக்காம ஒரு கொலை பண்ணிக் காட்டணும்னு திட்டம் போடுவாங்க. முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கொன்னுட்டு, பழியைப் பள்ளிக்கூடத் துப்புரவாளர் தலையில கட்டிடுவாங்க.

ஒரு படத்துக்கு இது போதாதா? வழக்கை விசாரிக்கிற போலீஸ் காஸியா வர்ற சாண்ட்ரா புல்லக்குக்கு முன்னாள் கணவன், கத்திக்குத்து, பரோல் விசாரணைன்னு ஃப்ளாஷ்பேக்ல தனியா ஒரு கதை எதுக்கு? பசங்க வந்தா படம் ஓடுது, போலீஸ் வந்தா நொண்டுது. பெரிய நடிகைக்காக எழுதிச் சேர்த்த பக்கங்கள்னு அப்பட்டமாத் தெரியுது.

மழைக்குருவி:
மறுக்கிறேன். கொலைகாரன் யாருன்னு தொடக்கத்துலயே சொல்லிட்ட படம் இது. இனி மிச்சம் இருக்கறது எப்படிப் பிடிபடுவாங்கங்கறதுதான். அதுக்குப் பிடிக்கிற ஆள் யாருன்னு தெரிஞ்சாகணும். தடயம் எல்லாம் துப்புரவாளரைக் காட்டுது, கூட வேலை பார்க்கிற சாம் அதை நம்புறான். காஸி மட்டும் தடயம் இவ்வளவு கச்சிதமா வந்து விழுதேன்னு சந்தேகப்படுறா. அந்த மூக்கு எங்கிருந்து வந்ததுன்னு ஃப்ளாஷ்பேக்தான் சொல்லுது.

கடைசிவரிசை:
நல்ல போலீஸுக்குச் சந்தேகம் வர்றதுக்கு உடம்புல கத்திக்குத்துத் தழும்பு இருக்கணுமா என்ன? ஆண் போலீஸா இருந்தா வெறும் அனுபவம்னு விட்டிருப்பாங்க.

சும்மாவந்தேன்:
இந்தக் கடைசி வரிக்கு ஒரு விசில் 🙂 நான் காஸ்லிங்குக்காக மட்டும் பார்த்தவன், நீங்க தொடருங்க.

குறுக்குவிசாரணை:
இந்தக் கதையின் வேர் 1924-இல் சிகாகோவில் நடந்த கொலை என்பதை யாரும் சொல்லவில்லையே. நேதன் லியோபோல்டுக்கு 19 வயது, ரிச்சர்ட் லோப்புக்கு 18. இருவருமே பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளைகள், படிப்பில் கெட்டிக்காரர்கள். பாபி ஃபிராங்க்ஸ் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்றுவிட்டு 10,000 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பணம் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல, குற்றம் பிசகில்லாமல் அமைய வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மன் தத்துவவாதி நீட்சே சொன்ன அதிமனிதன் சட்டத்துக்கு மேற்பட்டவன் என்று லியோபோல்ட் நம்பினான்.

மாதக்கணக்கில் போட்ட திட்டம் ஒரு மூக்குக்கண்ணாடியில் கவிழ்ந்தது. உடல் கிடந்த இடத்தருகே லியோபோல்டின் கண்ணாடி விழுந்திருந்தது. அந்தவகைக் கீல் வைத்த கண்ணாடி சிகாகோவில் மூன்றே பேருக்குத்தான் விற்கப்பட்டிருந்தது. அன்று முழுக்க லியோபோல்டின் காரில் சுற்றியதாக இருவரும் சொன்னார்கள். அந்தக் கார் வீட்டிலேயே நின்றது, நான்தான் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டு ஓட்டுநர் சொல்லிவிட்டார். ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) படத்துக்கும் மூலம் இதே வழக்குதான்.

கடைசிவரிசை:
பாருங்க! நிஜத்துல பிடிச்சுக் கொடுத்தது ஒரு கீலும் ஓட்டுநரும். எந்த அதிகாரியோட அழுகையும் அங்க தேவைப்படலை. 'ரோப்'ல துப்பறியும் போலீஸ்னு ஒருத்தர்கூட முக்கிய ஆள் கிடையாது, பசங்களோட பழைய ஆசிரியர்தான் கண்டுபிடிக்கிறார். இறுக்கம் குறைஞ்சதா?

மழைக்குருவி:
2002 பசங்க தடயவியல் படிச்சவங்க சார். கண்ணாடியைத் தவறவிட மாட்டாங்க, அடுத்தவன் வீட்டு நூலிழையைத் தடயமாக் கொண்டுவந்து போடுவாங்க. தடயமே பொய் சொல்ற இடத்துல கீலை நம்பி என்ன பண்றது? அதனாலதான் மனுஷங்களைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் தேவைப்படுது.

குறுக்குவிசாரணை:
எனக்கு உறுத்துவது ஃப்ளாஷ்பேக் இல்லை, முடிவு. ரிச்சர்ட் செத்த பிறகு, கழுத்தை நெரித்தது ஜஸ்டின்தான் என்று அவிழ்க்கிறார்கள். உண்மை வழக்கில் உயிர்போன அடியை அடித்தது அவன்தான் என்று இருவரும் மாறி மாறிக் கைகாட்டினார்கள். அது கடைசிவரை ஐயத்துக்கிடமின்றித் தீரவில்லை, தண்டனைக்கு அது தேவைப்படவும் இல்லை. வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ இருவரையும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து, ஜூரியைத் தவிர்த்து, தூக்கா இல்லையா என்ற பாரத்தை நீதிபதி ஒருவர் தலையில் ஏற்றினார். நீதிபதி வயதைக் காரணம் காட்டி ஆயுள் தண்டனையும் கூடவே 99 ஆண்டுகளும் விதித்தார், இருவருக்கும் ஒரே அளவு. கை யாருடையது என்பதைப் படம் ஒரு திருப்பமாக விற்றுவிட்டது.

மழைக்குருவி:
அங்கதான் எனக்கு வசதியா மாட்டினீங்க. காஸி ஏன் ஜஸ்டின்மேல இரக்கப்பட்டா? ரிச்சர்டோட திமிர்ல தன்னைக் குத்தின கணவனைப் பார்த்தா. அதனால கொன்னவன் அவன்தான்னு முடிவு கட்டிட்டா. அமைதியா இருந்தவன் கண்ணுக்கே தெரியலை. துப்புரவாளர் விஷயத்துல அவளுக்கு உதவின அதே காயம் இங்க அவளை ஏமாத்துது. ஃப்ளாஷ்பேக்கை வெட்டினா இந்த முடிவு வெறும் திருப்பம்தான். வச்சாத்தான் அவளோட தோல்வி.

கடைசிவரிசை:
இது நீங்க எழுதின படம், ரொம்ப நல்லாவும் இருக்கு. பார்பே ஷ்ரோடர் எடுத்தது வேற. தோத்துட்டான்னா அந்தத் தோல்வி அவளை ஒரு காட்சியாவது உறுத்தணும்ல? படம் என்ன பண்ணுது? நேரா பரோல் விசாரணைக்குக் கூட்டிட்டுப் போய், பழசை எதிர்கொள்ளும் துணிச்சல் வந்துடுச்சுன்னு பரிசு கொடுத்து அனுப்புது. செத்துப்போன அந்தப் பெண்ணைப் பத்தி அதுக்கப்புறம் ஒரு பேச்சு இல்லை.

மழைக்குருவி:
பரோல் காட்சி அவசரம்தான், ஒத்துக்கறேன். ஆனா உண்மை தெரிஞ்சதும் புல்லக் ஜஸ்டினைப் பார்க்கிற பார்வையைத் திரும்பப் போய்ப் பாருங்க. உங்களுக்கு வேணும்ங்கற உறுத்தல் அங்க இருக்கு.

சும்மாவந்தேன்:
சரி, இப்ப நான் முழுசா மறுபடி பார்க்கணும் போல. 'ரோப்' முதல்லயா இது முதல்லயா?

குறுக்குவிசாரணை:
'ரோப்' முதலில். எண்பது நிமிடம்தான்.