கொள்ளுத்தாத்தாவின் போர்ப் பதக்கம்: விளிம்பில் உள்ள எழுத்தை வைத்து எதுவரை தேட முடியும்?

பழையபெட்டி:
அம்மா வீட்டு மரப்பெட்டியை ஒழித்தபோது ஒரு பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், 1914, 1918 என்ற வருடங்கள். ரிப்பன் இல்லை, நன்றாகக் கறுத்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் ஒரு எண், எஸ்.பி.ஆர்., கொள்ளுத்தாத்தாவின் பெயர், அப்புறம் "2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்." என்று இருக்கிறது. அவர் இன்றைய இராக்கில் இருக்கும் பஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவர் என்று பாட்டி சொன்னதைத் தவிர வீட்டில் ஒரு தாள்கூடக் கிடையாது. விற்கப் போவதில்லை, அவர் எங்கே போனார், என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்தால் போதும். இதைப் பாலிஷ் போட்டுத் துடைக்கலாமா? வேறு பதக்கங்களும் இருந்து தொலைந்திருக்குமா?

சுவடுதேடி:
தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். நான் முதலில் வாங்கிய பதக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டேன், விளிம்பில் இரண்டு எழுத்து மழுங்கிப் போனது, இன்றுவரை அந்த ஆளின் எண் எனக்கு முழுசாகத் தெரியாது. கறுப்பு வெள்ளியின் மேல்தோல்தான், அதனால் கெடுதல் இல்லை. மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அமிலம் இல்லாத தாள் உறையில் வையுங்கள், பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம்.

உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் வார் மெடல், 1919இல் ஏற்படுத்தியது, வெள்ளி, விட்டம் 36 மில்லிமீட்டர். தொழிலாளர் படைகளுக்கும் படையோடு போன பணியாளர்களுக்கும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். கியூ.வி.ஓ. என்பது குயின் விக்டோரியாஸ் ஓன், எஸ். அண்ட் எம். என்பது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது நாம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லும் படைதான். பாலம், சாலை, பதுங்குகுழி எல்லாம் இவர்கள் வேலை.

தொலைந்ததா என்று கேட்டீர்களே, போர்முனைக்கே போனவர் என்றால் விக்டரி மெடலும் கிடைத்திருக்கும். 1915 முடிவதற்குள் போயிருந்தால் 1914-15 ஸ்டார் என்று மூன்றாவதும் உண்டு. அது வெண்கல நட்சத்திரம், அதில் பெயர் பின்பக்கம் இருக்கும். 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது வார் மெடல்களை ஏராளமாக உருக்கிவிட்டார்கள், உங்களுடையது தப்பியதே பெரிய விஷயம்.

குறிப்பேடு:
ஒரு எச்சரிக்கை. வலையில் தேடினால், 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து முதல் உலகப் போர் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டன என்று படிப்பீர்கள். அது பிரிட்டிஷ் ராணுவத்து ஆட்களின் கோப்பு, அதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். இந்தியப் படைக்கு வழி வேறு. மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், பெங்களூரில் இருக்கும் அதன் மையத்துக்கு எண், பெயர், விளிம்பின் புகைப்படத்தோடு கடிதம் எழுதுங்கள், பதில் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் எழுதுங்கள். அவர் எந்தக் கம்பெனி, அதாவது படைக்குள் எந்தச் சிறு பிரிவு என்பது மட்டும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன, அன்றன்று எங்கே நின்றார்கள், என்ன கட்டினார்கள் என்று எழுதியிருப்பார்கள். சிப்பாய்களின் பெயர் அதில் அபூர்வம், கம்பெனியின் கதைதான் கிடைக்கும், ஆனால் அதற்குள்தான் அவரும் இருந்திருக்கிறார்.

பஸ்ரா என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். மெசபடோமியா, அதாவது இன்றைய இராக் பக்கம் போன படை பெரும்பாலும் பஸ்ராவில் இறங்கித்தான் மேலே நடந்தது, பிறகு பாக்தாத் வரை போனவரும் ஊர் திரும்பி பஸ்ரா என்றே சொல்லியிருக்கலாம். பெயரை வைத்துத் தேடுவதும் ஏமாற்றும். காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தாக்கள், ஒரே பெயர் நாலு விதமாக இருக்கும். எண்ணையும் படையையும் சேர்த்தே தேடுங்கள், ஒரே எண் வேறு படையில் வேறு ஆளுக்கு இருக்கும்.

பழையபெட்டி:
இருவருக்கும் மிக்க நன்றி. அளந்தேன், 36 சரியாக இருக்கிறது. நேற்று பெரியம்மாவிடம் பேசினேன். சின்ன வயதில் அதே பெட்டியில் வானவில் மாதிரி நிறமுள்ள பட்டி ஒன்றைப் பார்த்தாராம், அதைப் பொம்மைக்குக் கட்டி விளையாடினார்களாம். இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

சுவடுதேடி:
உண்டு! வானவில் பட்டி விக்டரி மெடலுடையது, வார் மெடலுக்கு நடுவில் ஆரஞ்சு, இரு ஓரமும் வெள்ளை, கறுப்பு, நீலம். அப்படியானால் அவர் போர்முனையில் இருந்தவர்தான், இரண்டாவது பதக்கமும் வீட்டுக்கு வந்திருக்கிறது. பெரியம்மா சொன்னதை, சொன்ன தேதியோடு இன்றே எழுதி அந்த உறைக்குள்ளேயே வையுங்கள். விக்டரி மெடலிலும் அதே எண் விளிம்பில் இருக்கும், சேகரிப்பவர்கள் சிலரிடம் நானும் கேட்டுப் பார்க்கிறேன், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.