கேள்விக்குறி போட்டால் பழைய பக்கம் ஒழிந்துவிடுமா?

பழையபுலி: நேற்று ஒருவர் வந்து, "ஸ்கிரிப்ட் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு வெர்ஷன் எண் சேர்ப்பதெல்லாம் கற்காலம், கோப்பின் பெயரிலேயே ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறி, உள்ளடக்கம் மாறினால் இதுவும் மாறும்) இருக்க வேண்டும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பிரவுசர் முழு முகவரியை வைத்துத்தான் கேஷில், அதாவது முன்பு இறக்கிச் சேமித்த பிரதிகளில், தேடுகிறது. கடைசி எண் மாறினாலே அது புது முகவரி, புதிதாகத்தான் இறக்கும். இதில் எங்கே வந்தது கற்காலம்?

ஹேஷ்கட்சி: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கேள்விக்குறி இருந்தால் சில ப்ராக்ஸிகள் (நடுவில் நின்று பக்கங்களை வாங்கிக் கொடுக்கும் சர்வர்கள்) சேமிக்கவே செய்யாது, தெரியுமா?

பழையபுலி: ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருளைச் சொல்கிறீர்கள். அந்த வழக்கத்தை 2008இல், 2.7 பதிப்பிலேயே மாற்றிவிட்டார்கள். யார் கற்காலம்?

நடுவில்நான்: ஸ்கிரிப்ட் முகவரி எழுதியிருக்கும் இண்டெக்ஸ் பக்கமே கேஷில் பழசாக இருந்தால் உங்கள் ஹேஷும் பழசு, கேள்விக்குறியும் பழசு. அந்தப் பக்கத்துக்கு நோ-கேஷ் (கேட்காமல் பழைய பிரதியைக் காட்டாதே என்ற கட்டளை) கொடுங்கள். ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும், மாறவில்லை என்றால், இருக்கும் பிரதியே போதும் என்று 304 பதில் வரும். மற்ற கோப்புகளுக்கு மேக்ஸ்-ஏஜ், அதாவது கேஷில் வைத்துக்கொள்ளும் காலம், 31536000 வினாடி, ஒரு வருஷம்.

பழையபுலி: அது எல்கேஜி பாடம். பேச்சு கேள்விக்குறியைப் பற்றி.

ஹேஷ்கட்சி: சரி, அதையே பேசுவோம். நாலு சர்வரில் ஒவ்வொன்றாகப் புதுப் பதிப்பை ஏற்றுகிறீர்கள். ஏற்றி முடித்த சர்வர் பக்கத்தைக் கொடுக்கிறது, அதில் ஸ்கிரிப்டின் வெர்ஷன் எண் 2. ஸ்கிரிப்டைக் கேட்டு வரும் கோரிக்கையோ இன்னும் ஏற்றாத சர்வருக்குப் போகிறது. அது எண்ணைப் பார்க்காது, பழைய கோப்பைத் தூக்கிக் கொடுக்கும். நடுவில் நின்று பிரதிகளைச் சேமித்துக் கொடுக்கும் சிடிஎன் அந்தப் பழசை எண் 2 என்ற முகவரியில் ஒரு வருஷம் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பெயரில் ஹேஷ் இருந்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று 404 வரும், பழைய குப்பை புதுப் பெயரில் உட்காராது.

பழையபுலி: 404 வந்தால் வெள்ளைத் திரை. அருமையான தீர்வு.

ஹேஷ்கட்சி: கோப்புகளை முதலில் எல்லா சர்வரிலும் ஏற்றிவிட்டு, பக்கத்தைக் கடைசியில் மாற்றினால் அதுவும் வராது.

பழையபுலி: அதே வரிசையில் ஏற்றினால் என் கேள்விக்குறியும் வேலை செய்யும்.

ஹேஷ்கட்சி: செய்யாது. பழைய பக்கம் எண் 1 கேட்கும், சர்வரில் இருப்பதோ ஒரே கோப்பு. புதியதுதான் போகும்.

புதுவரவு: கேஷை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இறக்க, பயனரிடம் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அழுத்தச் சொன்னால் போதாதா?

பழையபுலி: மொபைலில் எந்த விரலால் அழுத்துவது தம்பி? ஹேஷ்கட்சி, சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரில் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான் குதித்தீர்கள். அந்த ஸ்கிரிப்ட் விஷயத்தில் பிரவுசர் 24 மணி நேரத்துக்கு மேல் கேஷை நம்பாது என்று நான் காட்டியதும் ஆளையே காணோம்.

ஹேஷ்கட்சி: அந்தத் திரியைப் பூட்டியதே நீங்கள்தானே! பேச்சை மாற்றாதீர்கள். எண் 1 கேட்ட பக்கத்துக்கு என்ன போகும்?

பழையபுலி: என் பயனர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. கேள்விக்குறியே போதும்.

ஹேஷ்கட்சி: சொல்லியிருப்பார்கள். கேஷைக் காலி பண்ணுங்கள் என்று அனுப்பி வைத்திருப்பீர்கள்.

பழையபுலி: ஸ்குவிட் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.